கப்பல் ஏறியவர் எந்தக் கணக்கில்?

(தலைப்பு: நாட்டுக்குப் பெருமை தருவது நிறைந்த செல்வமா? நிரவிய வாழ்வா? மணமேல்குடியில் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்யப்பட்ட பட்டிமன்றத்தில் ‘நிரவிய வாழ்வே’ அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் நேரத்தில் இரண்டு நிமிடத்தைக் கடனாக வாங்கிக்கொண்டு போய்விட்ட என் அணித் தோழரே! எதிரணி நண்பர்களே! கடல் காற்றில் குழந்தை குட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கிற மணமேல்குடிப் பெருமக்களே, தாய்மார்களே! 

இந்த ஊருக்கு வந்தால் ஒருவருக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் பேச வேண்டும். அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான குலச்சிறையார் பிறந்த ஊர் இது. ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் நின்றசீர் நெடுமாறன் என்கிற பாண்டிய மன்னனுக்கு அமைச்சராக இருந்தவர். அதாவது, வேலைக்காக வெளியூர் போன முதல் மணமேல்குடிக்காரர் அவர்தான்! (சிரிப்பு) அப்போ மதுரை. இப்போ சிங்கப்பூர், துபாய், சவுதி. அவரைப் பற்றிச் சேக்கிழார் என்ன சொல்கிறார் தெரியுமா? வருகிறவர் அடியார் என்றால் போதும், என்ன குலம், என்ன குணம் என்று பார்க்காமல் விழுந்து கும்பிடுவாராம். அமைச்சர் பதவியில் இருந்துகொண்டு! நம்ம ஆளு வார்டு மெம்பர் ஆனாலே கும்பிட்ட கை இறங்கிப் போயிடுது. (கைதட்டல்)

இன்னிக்குச் சாயங்காலம் இங்கே கடைத்தெருவில் டீ குடிக்கும்போது ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவர் கதையைக் கடைசியில் சொல்கிறேன், நடுவர் மணியில் கை வைக்காமல் இருந்தால்.

எதிரணிச் சகோதரி வரிசையாக நாடுகளைச் சொன்னார். தலைக்கு இத்தனை டாலர், தலைக்கு இத்தனை டாலர் என்று. கத்தார் எங்கே, சிங்கப்பூர் எங்கே, அமெரிக்கா எங்கே, நாம எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் ‘தலைக்கு’ என்கிற கணக்கை வேறு ஊரில் போய்ச் சொல்லலாம். கோட்டைப்பட்டினத்துக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் பக்கத்தில் மேடை போட்டுச் சொல்லக் கூடாது! இவர்களுக்குக் கணக்குத் தெரியும். படகு கரைக்கு வந்து, மீன் ஏலம் போன பிறகு என்ன செய்கிறார்கள்? டீசல் செலவு, ஐஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு கழிக்கிறார்கள். மிச்சத்தைப் பங்கு வைக்கிறார்கள். படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. வலை இழுத்தவர் வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி, “ஏங்க, தலைக்குச் சராசரி எவ்வளவு விழுந்துச்சு”ன்னா கேட்பாங்க? “உங்க பங்கு எவ்வளவு”ன்னுதான் கேட்பாங்க. (பலத்த கைதட்டல்) நாங்களும் அதைத்தான் கேட்கிறோம் நடுவர் அவர்களே. நாட்டில் எவ்வளவு பாடு என்று கேட்கவில்லை. வலை இழுத்தவருக்கு என்ன பங்கு என்று கேட்கிறோம்.

சரி, பங்கு குறைஞ்சா என்ன, பசி இல்லாமல் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு லண்டனில் ஒரு விடை கிடைத்தது. 1967-ல் ஆரம்பித்து, ஒயிட்ஹால் என்கிற பகுதியில் இருக்கிற அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண் ஊழியர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மைக்கேல் மார்மட் என்கிற மருத்துவப் பேராசிரியர் அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். அந்த ஊழியர்களில் யாரும் பரம ஏழை இல்லை. எல்லோருக்கும் மாதச் சம்பளம். 1948-லிருந்து அங்கே எல்லோருக்கும் இலவச வைத்தியம். அப்படியிருந்தும், கடைசிப் படியில் இருந்த பியூன், வாயில்காப்போர் சாகிற விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நடுப்படியில் இருந்தவர் நடுவில்! பீடி சிகரெட்டு, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். அப்பவும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. ஒரே கட்டடம், ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரி. தூக்குகிற ஃபைலும் ஒண்ணுதான். ஒருத்தர் கையெழுத்துப் போடுகிறார், ஒருத்தர் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நிற்கிறவருக்கு நெஞ்சு வலி முதலில் வருகிறது.

அமெரிக்காவைச் சொன்னீர்கள். உலகத்திலேயே பெரிய பொருளாதாரம், மறுக்கவில்லை. 2014-க்கும் 2017-க்கும் நடுவில், போரோ பஞ்சமோ இல்லாமல், அந்த நாட்டில் சராசரி ஆயுள் குறைந்தது. ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்று ஒரு தம்பதி. இரண்டு பேரும் பொருளாதார அறிஞர்கள். (நம்ம வீட்டுல ஒருத்தர் பொருளாதாரம் பேசினாலே சண்டை வரும்! – சிரிப்பு) அவர்கள் 2015-ல் சொன்னார்கள்: கல்லூரிப் படிப்பு இல்லாத நடுவயது வெள்ளைக்காரர்கள் போதை மருந்தாலும் குடியாலும் தற்கொலையாலும் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. டாலர் இருக்கிற நாட்டில், நாளைக்கு நம் நிலை மாறும் என்கிற எண்ணம் செத்துப்போன இடத்தில் நடந்தது அது.

இந்த ‘மாறும்’ என்பதையும் அளந்திருக்கிறார்கள். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2018-ல் ஒரு கணக்குப் போட்டது. ஏழைக் குடும்பம் ஒன்று, அந்த நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட எத்தனை தலைமுறை ஆகும்? டென்மார்க்கில் 2. சுவீடன், நார்வே, பின்லாந்தில் 3. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 5. ஜெர்மனியிலும் பிரான்சிலும் 6. நம் நாட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள்: 7. ஏழு தலைமுறைக்குச் சொத்து சேர்க்கிறதுன்னு நம்மூரில் சொல்வோமே, அந்த ஏழு இங்கே ஏழைக்கு வந்து நிற்கிறது! வருமானத்தில் இடைவெளி அதிகமாக இருக்கிற நாட்டில்தான் ஏணியும் வழுக்குகிறது என்று 2012-ல் ஆலன் க்ரூகர் சொன்னார். அவர் யார்? அப்போது அமெரிக்க ஜனாதிபதிக்கே பொருளாதார ஆலோசகராக இருந்தவர். வெளியாள் இல்லை.

உடனே எதிரணி நண்பர் என்ன நினைக்கிறார் என்று தெரிகிறது. “அவங்க வெள்ளைக்காரங்க. சின்ன நாடு. குளிரு. பிறக்கும்போதே அப்படி.” இல்லை ஐயா, இல்லை! இந்த மேடையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான்.

சுவீடன் யார் தெரியுமா? நம்மைப்போலக் கப்பல் ஏறிய ஊர். 1850-லிருந்து 1930 வரைக்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறினார்கள். மொத்த ஜனத்தொகையே 1900-ல் 50 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. பின்லாந்து? 1866-லிருந்து 68 வரை ஒரு பஞ்சம். நம்ம தாது வருஷத்துப் பஞ்சத்துக்குப் பத்து வருஷம் முந்தியது. நூற்றுக்கு எட்டுப் பேர் செத்தார்கள். அந்தப் பின்லாந்துதான் உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை ஒவ்வொரு வருஷமும் முதலிடம்.

ஊரெல்லாம் கப்பல் ஏறுகிறதே என்று சுவீடன் அரசு 1907-ல் ஒரு விசாரணைக் குழு போட்டது. குஸ்தாவ் சுந்த்பெரி என்கிற புள்ளிவிவர அறிஞர் தலைமை. போகிறவனைத் தடுப்பது எப்படி என்று அதிகாரிகளை மட்டும் கேட்டிருக்கலாம். அவர் என்ன செய்தார்? போனவர்களையே கேட்டார். “ஏன் போனீர்கள்? எழுதுங்கள்.” அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. நிலமில்லை என்று ஒருவர். கூலிக்காரனை மனிதனாக மதிக்கவில்லை என்று ஒருவர். ஓட்டு இல்லை என்று ஒருவர். அந்தக் கடிதங்களைக் குப்பையில் போடவில்லை. அரசாங்க அறிக்கையிலேயே ஒரு தனித் தொகுதியாக அச்சடித்தார்கள்! குழு வேலையை முடித்தது 1913-ல். அதே 1913-ல் அந்த நாடு எல்லோருக்கும் முதுமை ஓய்வூதியம் என்று சட்டம் போட்டது. 1938-ல் முதலாளிகளும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சால்ட்ஸ்யோபாடன் என்கிற ஊரில் உடன்பாடு செய்துகொண்டார்கள். வாய்க்குள் நுழையாத பேர்தான். ஆனால் சம்பளம் நிரவியதற்கு அந்த ஊர் ஒரு முக்கியமான காரணம்.

நார்வே கதை உங்களுக்காகவே வைத்திருந்தேன். அதுவும் மீன்பிடிக்கிற தேசம். கரையில் தங்குகிற குடிசை வியாபாரியுடையது. வலைக்கும் உப்புக்கும் முன்பணம் கொடுத்ததும் அவரே. முன்பணம் கொடுத்தவருக்குத்தான் மீன், அவர் சொல்கிறதுதான் விலை. (கூட்டத்தில் சலசலப்பு) என்ன, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? (சிரிப்பு, கைதட்டல்) 1938-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பிடித்த மீனின் முதல் விற்பனை மீனவர்களுடைய சொந்த அமைப்பின் வழியாகத்தான் நடக்க வேண்டும். குறைந்தபட்ச விலையை அந்த அமைப்பே சொல்லும். 1951-ல் அது நிரந்தரச் சட்டமானது. நார்வேயில் எண்ணெய் கிடைத்தது எப்போது? 1969. எதிரணி நண்பரே, வருஷத்தைப் பாருங்கள். எண்ணெய்ப் பணம் வந்ததால் அவர்கள் நிரவிக்கொள்ளவில்லை. நிரவிக்கொண்ட ஊருக்கு எண்ணெய் வந்தது. அதனால்தான் அந்தப் பணம் நாலு ஷேக்குகளின் வீட்டுக்குப் போகாமல், 1990-ல் சட்டம் போட்டு, வரும் தலைமுறைக்கென்று பொது நிதியாக நிற்கிறது.

நம்மிடமும் அந்தப் புத்தி இல்லாமல் இல்லை. இந்தக் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்திருக்கிறீர்களே, அது என்ன? நிரவல்தானே! பின்லாந்து 1948-ல் எல்லாப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு போட்டது. எட்டே வருஷம் கழித்து 1956-ல் காமராஜர் இங்கே ஆரம்பித்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. அவர்கள் பணக்காரர்களான பிறகு போட்டார்கள் என்று நினைக்காதீர்கள். போரில் அடிபட்டு, கடனோடு நின்ற நாடு அது.

இன்னொன்று. சமூக ஏற்றம், சமூக நகர்வு என்று பேராசிரியர்கள் புத்தகத்தில் எழுதுகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் அது நிஜமாகவே சக்கரத்தில் நகர்ந்தது! 1991-ல் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் படித்தார்கள். கல் உடைக்கிற பெண், நாற்று நடுகிற பெண், நர்ஸ், ஆயிரக்கணக்கில். பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த நேரம் மிச்சம். தண்ணீர்க் குடம் கேரியரில். பிள்ளை முன்னால். இங்கே உட்கார்ந்திருக்கிற பாட்டிமார்களில் எத்தனை பேர் அன்னிக்கு விழுந்து முட்டியைத் தேய்ச்சீங்க? கை தூக்குங்க பார்ப்போம்! (கைதட்டல், ஆரவாரம்) ஒரு சைக்கிள் விலைதான். அதற்கு எந்த ‘தலைக்கு வருமான’த்துக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை.

நேர்மையாக ஒன்றிரண்டு ஒத்துக்கொள்கிறேன். வட ஐரோப்பா சொர்க்கம் இல்லை. சுவீடனில் சம்பளம் நிரவியிருக்கிறது, சொத்து அப்படி இல்லை. 2004-ல் வாரிசு வரியையும் 2007-ல் செல்வ வரியையும் எடுத்துவிட்டார்கள். டென்மார்க்கிலும் படித்தவர் பிள்ளைதான் படிக்கிறது, அந்த விஷயத்தில் அமெரிக்காவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஹெக்மன் என்கிற நோபல் அறிஞர் தன் சகாவோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். ஏணி அங்கேயும் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது.

இனி சிங்கப்பூர். இந்த ஊரில் சிங்கப்பூரைக் குறைத்துப் பேசினால் நான் பஸ் ஏற முடியாது. (சிரிப்பு) பேசவும் போவதில்லை. 1961 மே 25, புக்கிட் ஹோ சுவீ என்கிற குடிசைப் பகுதியில் பெருந்தீ. சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் வீடமைப்புக் கழகம் ஆரம்பித்திருந்தார்கள். வேகவேகமாக அடுக்குமாடி எழுப்பினார்கள். 1964-ல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம். 1968-லிருந்து வருங்கால வைப்புநிதியை எடுத்து வீடு வாங்கலாம். இன்று அந்த நாட்டுக் குடும்பங்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பதுக்குச் சொந்த வீடு. சிங்கப்பூர் பணம் சேர்த்த பிறகு வீடு கொடுக்கவில்லை. வீடு கொடுத்துக்கொண்டேதான் பணம் சேர்த்தது. ஆக, நீங்கள் சொன்ன உதாரணமும் எங்கள் அணிக்குத்தான் சாட்சி சொல்கிறது நடுவர் அவர்களே. (கைதட்டல்)

ஆனால் கணக்கில் ஒரு வேலி இருக்கிறது. கினி எண் என்று ஒன்று. எல்லோருக்கும் சமமாக இருந்தால் பூஜ்யம், ஒருத்தரே எல்லாம் வைத்திருந்தால் ஒன்று. சிங்கப்பூர் 2023-ல் 0.433 என்று சொன்னது. வரி வாங்கி, உதவி கொடுத்த பிறகு 0.371. யாரை வைத்துப் போட்ட கணக்கு? வேலையில் இருக்கும் அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் குடும்பங்களை வைத்து. வொர்க் பெர்மிட்டில் போய் அந்த அடுக்குமாடியைக் கட்டுகிற நம்ம பிள்ளை அதில் இல்லை. அவரையும் சேர்த்துப் பங்கு வைத்தால் அந்த எண் எங்கே போய் நிற்கும்? அவர் மனைவி மக்களை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் குடியிருக்க முடியாது. அவர் கட்டுகிற வீட்டை அவர் வாங்க முடியாது. சரி, அங்கே இல்லை, இங்கேயாவது இருக்கிறாரா என்றால், வீட்டுக் கணக்கெடுப்பில் “ஆள் ஊரில் இல்லை”. 2015-ல் தமிழ்நாடு புலம்பெயர்வோர் ஆய்வு என்று ஒன்று எடுத்தபோதுதான், வெளிநாட்டில் இருக்கிற தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம், அதில் சிங்கப்பூர்தான் முதல் என்று தெரிந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது அந்த வேலி எல்லோர் கண்ணிலும் பட்டது. அங்கே தொழிலாளர் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அந்த வருஷம் முடிவதற்குள் நூற்றுக்கு 47 பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. வெளியே ஊருக்குள் மிகக் குறைவு. ஒரே தீவுதான். சிகிச்சை இலவசமாகக் கொடுத்தார்கள், உயிர்ச்சேதம் மிகக் குறைவு, அதையும் சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டும் விடுதியில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று 2021-ல் விதியும் வந்தது. பன்னிரண்டு பேர் என்பது குறைத்த பிறகு!

அவர் அனுப்பிய பணத்தில் இங்கே வீடு எழும்பியிருக்கிறது. தங்கச்சி கல்யாணம் நடந்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருந்த வீட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கூரை வந்தது. எல்லாம் உண்மை. கிரகப்பிரவேசத்துக்குப் பால் பொங்கியதை அந்தப் பிள்ளை வீடியோவில் பார்த்தது என்பதும் உண்மை.

இப்போது அந்தப் பெரியவர். 1961-ல், பதினாலு வயசில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியிருக்கிறார். டெக் டிக்கெட். மேல் தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வாரம். அப்பா அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். இவர் மளிகைக் கடையில் எடுபிடி. 1965-ல் நாடு தனியான பிறகு, குடிமகன் இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. சில வருஷத்தில் திரும்பிவிட்டார். மகன் இங்கேயே கடலுக்குப் போனார். ரஜூலா 1973-ல் ஓட்டத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பலிலும் 1985-ல் தீப்பிடித்து அந்தக் கடல் பாதையே முடிந்தது. இப்போ பேரன் திருச்சியில் விமானம் ஏறிப் போய் அதே சிங்கப்பூரில் கட்டட வேலை. விடுதியில் இரண்டடுக்குக் கட்டில், மேல் கட்டில். கொள்ளுத்தாத்தாவிலிருந்து எண்ணிப் பாருங்கள், நாலு தலைமுறை. டென்மார்க் குடும்பமாக இருந்திருந்தால் இரண்டு தலைமுறை முன்பே கரையேறியிருக்கும்.

சுவீடன்காரன் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன். “ஐயா, ஏன் போனீங்க?”

சிரித்தார். “எப்ப வந்தே, எவ்வளவு கொண்டாந்தேன்னு கேட்டிருக்காக தம்பி. ஏன் போனேன்னு இப்பத்தான் கேக்குறாக” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. டீ ஆறிப்போச்சு. பிறகு சொன்னார்: “அஞ்சாப்பு முடிச்சேன். ஆறாப்புக்கு வெகு தூரம் நடக்கணும். ஒரு வருசம் பொறு, பணம் அனுப்புறேன்னு அப்பா எழுதுனாரு. அந்த வருசம் மழையுமில்ல, பணமுமில்ல. அதான்.”

“பேரன் ஏன் போனார்?”

“அவன் டிப்ளமா படிச்சவன் தம்பி. அவன் ஏன் போனான்னு எனக்கென்ன தெரியும்? அவனையே கேளுங்க. நம்பர் தாரேன். நம்ம நேரம் எட்டு மணிக்கு மேல கூப்பிடுங்க. அங்க அப்பப் பத்தரை. அப்பத்தான் குளிச்சுச் சாப்பிட்டு உக்காருவான்.”

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. இப்போது எட்டு இருபது. மேடையை விட்டு இறங்கியதும் அந்தப் பையனைக் கூப்பிடப் போகிறேன். 

(பலத்த கைதட்டல்)